முல்க் ராஜ் ஆனந்த்: ஃப்ளஷ் கக்கூஸ் வந்தும் பக்கா ஏன் இன்னும் குழிக்குள்?

சத்துவாச்சாரி:

போன வாரம் காட்பாடி ஸ்டேஷனில் வண்டி இரண்டரை மணி நேரம் லேட். பையில் முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' இருந்தது. பி.ஏ. இங்கிலீஷில் எங்களுக்குப் பாடம். அப்போது கைடு படித்துத்தான் பாஸ் செய்தேன், நாவலைத் திறக்கவே இல்லை. இருபது வருஷம் கழித்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பாதி, வீட்டுக்கு வந்து மீதி.

படிக்காதவர்களுக்காக: 1935-இல் லண்டனில் வெளிவந்த நாவல். 19 பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பி, கடைசியில் இ.எம். ஃபார்ஸ்டர் முன்னுரை கொடுத்த பிறகு அச்சேறியது. புலாஷா என்ற ஊர், பக்கத்தில் பட்டாளத்துக் கண்டோன்மெண்ட், இரண்டுக்கும் வெளியே சேரி. பக்கா 18 வயதுப் பையன், எடுப்பு கக்கூஸ், அதாவது மலத்தை ஆள் வந்து கையால் அள்ளுகிற கக்கூஸ், கழுவுகிறவன். காலையில் கண் விழிப்பதிலிருந்து இருட்டும் வரை ஒரே ஒரு நாள், அவ்வளவுதான் கதை.

அந்த ஒரு நாளில் ஜிலேபிக் கட்டம் ஒன்று வரும். நாலணாவுக்கு ஜிலேபி கேட்கிறான். கடைக்காரன் தராசில் கையை வைத்து எடையை ஏமாற்றுகிறான். காசைக் கையில் வாங்க மாட்டான், செருப்பு வைக்கிற பலகையில் வைக்கச் சொல்வான், கடைப் பையன் அதன் மேல் தண்ணீர் தெளித்து எடுப்பான், பொட்டலத்தைப் பந்து எறிகிற மாதிரி எறிவான். பக்கா அதைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகத் தின்றுகொண்டே நடக்கும்போது ஒருவர் மேல் தெரியாமல் பட்டுவிடுகிறான். கூட்டம் கூடித் திட்டுகிறது, அறை விழுகிறது. தலைப்பாகை ஒரு பக்கம், ஜிலேபி மண்ணில். இந்த ஏழெட்டுப் பக்கத்துக்காகவே புத்தகம் நிற்கும். அதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு முடிவில். பக்காவுக்கு மூன்று பேர் வழி சொல்கிறார்கள். வெள்ளைக்காரப் பாதிரியார் ஏசு என்கிறார். காந்தி கூட்டத்தில் பேசுகிறார். அப்புறம் ஒரு கவிஞர் வந்து, மலத்தைக் கையால் தொடாமலே அடித்துக்கொண்டு போகிற மிஷின் ஒன்று இருக்கிறது, அது வந்துவிட்டால் தோட்டிக்கு வேறு தொழில், வேறு தொழில் வந்தால் தீண்டாமை போச்சு என்கிறார். கேட்டுவிட்டுப் பையன் வீட்டுக்குப் போகிறான், கதை முடிகிறது.

மிஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் எடுப்பு கக்கூஸ் ஒன்றுகூட இல்லை. டேங்க் நிரம்பினால் லாரி வருகிறது, லாரி ஹோஸால் ஆகாதென்றால் ஒரு ஆள் வருகிறார். அந்த ஆள் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலே எல்லாருக்கும் தெரியும். வாளியில் இருந்தது குழிக்குள் போனது, கூடவே பக்காவும் இறங்கினான். ஆனந்துக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை என்று விட்டுவிடலாமா, இல்லை சாதியைத் தொழில் பிரச்சினையாக மட்டும் பார்த்ததே கோளாறா? என் ஓட்டு இரண்டாவதற்கு. மற்றவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

காட்பாடி_ஜங்ஷன்:

நான் பதினேழு வருஷமாக இந்த நாவலை நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஃப்ளஷ் பேச்சு ஆனந்துடையது இல்லை, நாவலில் வரும் ஒரு கவிஞனுடையது. அவன் மரத்தடியில் நின்று படித்தவர்களுக்குள் வாதம் செய்கிறான், பக்கா பக்கத்தில் நின்று காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொள்கிறான், பாதி புரியவில்லை. கடைசியில் அவன் மனசில் இருப்பது என்ன? காந்தி சொன்னதையும் கவிஞன் சொன்னதையும் அப்பாவிடம் சொல்ல வேண்டும், என்றாவது அந்தக் கவிஞனைக் கண்டுபிடித்து மிஷினைப் பற்றிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். விடுதலை ஆனான் என்று எங்கேயும் இல்லை. ஃபார்ஸ்டர்தான் முன்னுரையில் அந்தத் தீர்வை நம்பும்படி இருக்கிறது என்று பாராட்டிவிட்டார், நம் கைடு எழுதுகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, இதை எழுதியவர் பேராசிரியர் வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா செம்புப் பாத்திரம் செய்கிற குடும்பம், பிறகு பட்டாளத்தில் சேர்ந்தவர். ஆனந்த் பிறந்தது 1905, பெஷாவரில். வளர்ந்தது கண்டோன்மெண்ட்களில், விளையாடியது தோட்டிகளின் பிள்ளைகளோடு. சின்ன வயதில் கல்லடி பட்டபோது இப்படி ஒரு பையன்தான் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான், அவனைத் தொட்டுவிட்டாயே என்று அம்மா திட்டினாள் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாவலில் ஹாக்கி விளையாட்டுக்குப் பிறகு அது அப்படியே வருகிறது.

வகுப்பில் நான் கவனிப்பது வேறு விஷயம். குழாயடி மாதிரி ஒரு கிணற்றடி வரும். சேரிக்காரர்கள் கிணற்றில் ஏறக் கூடாது, மேல்சாதி ஆள் யாராவது மனசு வந்து இறைத்து ஊற்றும் வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். அங்கே பக்காவின் தங்கை சோகினியைத் திட்டி அடிக்க வருகிறவள் யார் தெரியுமா? பிராமணப் பெண் இல்லை, வண்ணாத்தி குலாபோ. சேரிக்குள்ளேயே அவள் இரண்டு படி மேல். 1935-இல் இதைப் பார்த்தவரைத் தொழில் பிரச்சினை மட்டும் பார்த்தவர் என்று சொல்லாதீர்கள்.

பேரணாம்பட்டு:

மேடம், நல்ல பாடம் எடுத்தீர்கள். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. பக்காவின் கதையை பக்கா ஏன் சொல்லவில்லை?

சொல்ல முடியாத காலம் என்பீர்கள். சரி. ஆனால் 1935-இல் அம்பேத்கர் இருக்கிறாரே. வட்ட மேஜை மாநாடு முடிந்து, 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று வருஷம். நாவலில் வரும் காந்தி தீண்டப்படாதவர்களுக்கான தனி வாக்காளர் தொகுதியைப் பற்றிப் பேசுகிறார், அதைக் கேட்டு வாங்கிய மனிதரின் பெயர் அதில் இல்லை. பாதிரிக்கு ஒரு அத்தியாயம் அளவு இடம், கவிஞருக்கு இடம், காந்திக்குப் பெரிய மேடை. பக்காவைப் போலத் தீண்டப்படாத சாதியில் பிறந்து பக்காவுக்காகப் பேசுகிற ஒரு குரலுக்கு ஒரு வரி இல்லை. சபர்மதி ஆசிரமத்தில் காந்தியிடம் கைப்பிரதியைக் காட்டி, அவர் சொன்னதை வைத்து நிறைய வெட்டினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்காவைப் பாருங்கள். அடி வாங்கினால் கொதிக்கிறான், கை முஷ்டி இறுகுகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறான். ஒவ்வொரு தடவையும் அடங்குகிறான். சட்டை, கால்சட்டை, பூட்ஸ் என்று வெள்ளைக்காரச் சிப்பாய் மாதிரி வேஷம் போட ஆசை, குளிரில் நடுங்கினாலும் ரஜாய் போர்த்த மாட்டான், பட்டாளத்துக் கம்பளிதான். அதெல்லாம் அழகாக எழுதியிருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தாத்தா தலைமுறையில் செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், பறை அடிக்க மாட்டோம் என்று ஊரைப் பகைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் இரக்கத்துக்கு உரியவர்கள் இல்லை, பயப்பட வேண்டியவர்கள். அப்படி ஒருத்தன் ஆனந்தின் சேரியில் ஏன் இல்லை?

பாமாவின் 'கருக்கு' 1992, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994, எங்கள் ஊர்க்காரர் அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'. இவற்றைப் படித்துவிட்டு ஆனந்தைத் திறந்தால் பெரிய மனசுக்காரர் ஒருவர் ஜன்னலிலிருந்து பார்த்து எழுதியது தெரியும். அதற்காகத் தூக்கி எறியச் சொல்லவில்லை, பாடத்தில் அவரையே எண்பது வருஷம் வைத்திருக்காதீர்கள் என்கிறேன்.

ஆம்பூர்_ஷாப்பு:

நான் இங்கிலீஷ் நாவல் படிக்கிற ஆள் இல்லை, மருமகள் எம்.ஏ. படிக்கிறாள், அவள் மேஜையில் கிடந்ததை எடுத்து முதல் பக்கம் படித்தேன், மூடாமல் நாலு பக்கம் போனேன். காரணம் சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் சேரி ஓரமாக ஒரு ஓடை. ஒரு காலத்தில் பளிங்கு மாதிரி தண்ணீர், இப்போது கக்கூஸ் கழிவும், கரையில் காயப்போட்ட செத்த மாட்டுத் தோல் நாற்றமும். வடநாட்டில் ஏதோ ஒரு ஊரை எழுதினாராம்! எங்கள் வீட்டு மாடியில் நின்று பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

முப்பத்தொரு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. சேர்ந்தபோது சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்ட வேண்டும். காலில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவோம், இருந்தாலும் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகப் போகும். அப்புறம் டிரம் வந்தது, குரோம் வந்தது. மேஸ்திரி ஆனேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து போவார். நான் எந்தச் சாதி என்று அவருக்குத் தெரியாது, நாற்றம் தெரியும். வீட்டுக்கு வந்து லைஃப்பாய் போட்டு இரண்டு தடவை குளித்தாலும் சாப்பிடும்போது கையில் இருக்கும். அதை எழுதியிருக்கிறாரா அந்த மனிதர் என்று மருமகளைக் கேட்டேன், பக்கா கையைப் பற்றி வருகிறது மாமா என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஷாப்பில் எல்லா சாதியும் உண்டு, முஸ்லிம் உண்டு. பச்சைத் தோல் இறக்குகிற இடத்திலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் யார் நின்றார்கள், கட்டிங் பிரிவிலும் ஷூ கம்பெனி மெஷினிலும் யார் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சத்துவாச்சாரிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும். மிஷின் வந்ததும் நாங்கள் மிஷின் பக்கத்தில் போகவில்லை. மிஷினுக்குள் எது போகிறதோ அதன் பக்கத்தில் நின்றோம்.

பாலாற்று_மணல்:

இடையில் ஒரு சின்ன உதவி. இந்த நாவல் தமிழில் கிடைக்குமா? அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அம்மா ஒரு நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், கண் இப்போது சரியில்லை.

காட்பாடி_ஜங்ஷன்:

'தீண்டாதான்' என்ற பெயரில் இலங்கை எழுத்தாளர் கே. கணேஷ் மொழிபெயர்த்திருக்கிறார். பழைய புத்தகம், கடையில் கிடைப்பது கஷ்டம், பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். தகழியின் 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் சுலபமாகக் கிடைக்கும், ஆலப்புழைத் தோட்டிகளின் மூன்று தலைமுறைக் கதை. அம்மாவுக்கு அதுகூடப் பிடிக்கலாம்.

நடுநிலை_1:

1935 கதையை வைத்து 2020-களில் சண்டை. இப்போதெல்லாம் யார் சார் சாதி பார்க்கிறார்கள்? ஹோட்டலில் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுபவன் யார் என்று தெரியுமா உங்களுக்கு? பழைய புண்ணைச் சொறிவது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது.

பேரணாம்பட்டு:

நடுநிலை சார், பிரியாணிக்கு சாதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பிணத்துக்கு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சுடுகாட்டுக்குப் போகிற வழி நிலக்காரர்களுடையது, விட மாட்டார்கள் என்று பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து தலித் ஒருவரின் உடலைப் பாடையோடு கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்தப் பாலத்தின் மேல் நானும் எத்தனையோ தடவை பைக்கில் போயிருக்கிறேன், கீழே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது என் வெட்கம்.

ஒரு கொசுறு. நம் வேலூர் மாவட்டத்துக்கு 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது என்ன பெயர் வைத்தார்கள் என்று இப்போது இருபது வயதுப் பையன்களுக்குத் தெரியாது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். என் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் இருக்கிறது. 90-களின் பிற்பகுதியில் எல்லா மாவட்டத்துக்கும் தலைவர் பெயரை எடுத்தபோது இதையும் எடுத்தார்கள். பஸ்ஸில் போர்டு மாறியது. ஆனந்த் நாவலில் விட்டுப்போன பெயர் நம் போர்டில் சில வருஷம் இருந்தது, அதுவும் போய்விட்டது.

வாலாஜா_வக்கீல்:

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஃப்ளஷ் விவாதத்துக்கு அது தேவை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து முதல் சட்டம் 1993. அதன் கவனமெல்லாம் எடுப்பு கக்கூஸ்தான், அதாவது பக்காவின் காலத்து வேலை. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தனியாகக் குற்றமாக்கியது 2013 சட்டம். இடையில் இருபது வருஷம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக ஏற்றியது.

தொகை ஏறுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். கோர்ட்டில் நான் பார்த்த ஒரு வழக்கில் (எந்த ஊர், யார் என்று வேண்டாம்) காண்டிராக்டர் சொன்னது: நான் இறங்கச் சொல்லவில்லை ஐயா, அவனாகத்தான் இறங்கினான். விதவையிடம் ஆதாரம் கேட்கிறார்கள், வேலைக்கு வைத்ததற்குக் காகிதம் எங்கே என்று. இந்த வேலைக்கு எவன் காகிதம் கொடுக்கிறான்? பக்காவின் அப்பா லகாவுக்காவது தோட்டிகளின் ஜமேதார் என்று ஒரு பதவி இருந்தது.

சத்துவாச்சாரி:

வக்கீல் சார், இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். நன்றி.

மேடம் சொன்ன குலாபோ விஷயத்தில் நான் தோற்றேன், திரும்பப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆனந்தின் அடுத்த நாவல் 'கூலி', 1936. இதில் வருகிற முனு என்ற மலைக் கிராமத்துப் பையன் பிறப்பால் சத்திரியன். பேங்க் கிளார்க் வீட்டில் வேலைக்காரன், ஓடிப்போய் ஊறுகாய் ஃபேக்டரி, அப்புறம் பம்பாய் காட்டன் மில், கடைசியில் சிம்லாவில் ரிக்‌ஷா இழுத்து காசநோயில் செத்துப்போகிறான். அவனுக்கு ஊருக்கு ஊர் புரிவது ஒன்றுதான்: சாதியாவது ஒன்றாவது, பணக்காரன், ஏழை என்று இரண்டே ஜாதி. இதுதான் ஆனந்தின் உள் மனசு. ஒரு வருஷத்துக்கு முன் பக்காவை எழுதிய அதே கை.

ஆனால் முனுவும் பொய் இல்லை, அதுதான் சங்கடம். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சுத்திகரிக்கிற இடத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் ராத்திரியில் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பையன்கள். அவர்கள் என்ன சாதி என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாது. வங்காளத்திலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வங்காளி எழுத்தில் போர்டு வைத்து லாட்ஜ் நடத்துகிறோம். அதே ஊர்ப் பையன் வேலைக்கு வந்தால் சேற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைக்கிறோம்.

குடியாத்தம்_கைலி:

முனு என்றதும் உள்ளே வந்தேன். நான் பீடி சுற்றி வளர்ந்தவன். அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய முன்பணத்துக்காக எட்டு வயதில் என்னை ஒரு வீட்டில் பீடி வேலைக்கு விட்டார்கள். சட்டத்தில் கொத்தடிமை ஒழிந்து 1976-லேயே முடிந்துவிட்டது, எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் உட்கார்ந்தால் மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். சின்னப் பசங்களுக்குப் பீடியின் தலையை மடிக்கிற வேலை, விரல் சின்னதாக இருப்பதால் வேகமாக வரும். நிமிர்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காகத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைச் செருகிவைப்பார் முதலாளி. தீப்பெட்டி விழுந்தால் அடி. இப்போதும் தீப்பெட்டியைக் கையில் எடுத்தால் தானாகக் கழுத்து குனிகிறது, என் மனைவி சிரிப்பாள்.

எங்கள் வரிசையில் எல்லா சாதிப் பையன்களும் இருந்தோம், முஸ்லிம் பையன்கள் நிறைய. ஆனந்த் சொன்ன இரண்டே ஜாதி கணக்கு அந்த வரிசையில் சரி. தண்ணீர் குடிக்கும்போது தப்பு. ஒரு சொம்பு எங்களுக்கு, திண்ணையில். அதை எடுக்கக் கூடாத இரண்டு பையன்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் கையில் ஊற்றுவார்கள். தீப்பெட்டி எல்லாருக்கும் பொது, சொம்பு பொது இல்லை. அந்த இரண்டு பேரில் நான் இல்லை என்று அப்போது எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எட்டு வயதில்!

காட்பாடி_ஜங்ஷன்:

கைலி சார், நீங்கள் எழுதியதை என் வகுப்பில் பெயர் இல்லாமல் படிக்கலாமா?

பேரணாம்பட்டு தம்பிக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி. ஏன் இங்கிலீஷ் என்பது. பஞ்சாபியில் திட்டுகிறவர்களை ஆனந்த் இங்கிலீஷில் திட்டவைக்கிறார், வசவை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றுவார். பன்றிக்குப் பிறந்தவனே, முறைகெட்டுப் பிறந்தவனே என்று. லண்டன் வாசகனுக்கு விநோதமாக இருந்திருக்கும். என் மாணவிகள் முதல் நாள் சிரிப்பார்கள். ஒரு வருஷம் ஒரு பெண் சிரிக்கவில்லை. ஏம்மா என்றேன். இதைத் தமிழில் எங்கள் அத்தையைச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன் மேடம் என்றாள். அன்றிலிருந்து அந்த வசவுகளை நான் சத்தமாக வாசிப்பதில்லை. ஜன்னலிலிருந்து பார்த்து எழுதினார் என்றீர்கள். இருக்கலாம். அந்த ஜன்னல் வழியாக என் வகுப்பில் சில பிள்ளைகள் முதல் தடவையாகத் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். பாமா, இமையம் பாடத்தில் வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, பாடத்திட்ட போர்டில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு:

எழுதிக் கொடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது மேடம். பெரிய மனசுக்காரர் என்று சொன்னதில் கொஞ்சம் காரம் அதிகம், எடுத்துக்கொள்கிறேன். அம்பேத்கர் பெயர் இல்லாததை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குடியாத்தம்_கைலி:

தாராளமாகப் படியுங்கள் மேடம்.

பாலாற்று_மணல்:

தமிழ்ப் புத்தகம் கிடைக்கவில்லை. இரண்டு நூலகம் அலைந்தேன். கடைசியில் இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு நானே தமிழில் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் எல்லாரும் பேசிய சாதியா வர்க்கமா, அம்பேத்கரா காந்தியா எதுவும் சொல்லவில்லை. கதை மட்டும்.

முதல் நாள் கக்கூஸ் மூன்று வரிசை, பக்கா ஒரே ஆளாகக் கழுவுகிறான் என்றேன். எத்தனை தடவை, என்று கேட்டார். ஒரு நாளைக்குப் பல தடவை என்றேன். "துடைப்பம் இன்னா துடைப்பம்? கைப்பிடி நீட்டா குட்டையா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. குட்டையாக இருந்தால் முதுகு போயிருக்கும் என்று சொல்லிவிட்டு அவருடைய முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

இரண்டாவது நாள் ஜிலேபிக் கட்டம். காசின் மேல் தண்ணீர் தெளித்தார்கள் என்றதும் நிறுத்தச் சொன்னார். "காசு சரி, கழுவிக்கினான். நோட்டு குட்த்திருந்தா இன்னா பண்ணியிருப்பான்?" நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். அவர் வேலை பார்த்த நாளில் ஒரு வீட்டில் தீபாவளிக்கு ஐந்து ரூபாய் நோட்டை வாசல் படியில் கல் வைத்துவிட்டுப் போவார்களாம். கல்லைத் தூக்கி நோட்டை எடுத்துக்கொண்டு கல்லைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டுமாம். பதினொரு வருஷம் அதே கல். எனக்கு நாற்பத்திரண்டு வயது, இதை அம்மா இதுவரை சொன்னதில்லை.

அப்புறம் அறை விழுந்தது, ஜிலேபி மண்ணில் சிதறியது என்றேன்.

"துன்னானா?"

கொஞ்சம் தின்றுவிட்டான், மீதிதான் மண்ணில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் பஜாரிலிருந்து வரும்போது கால் கிலோ ஜிலேபி வாங்கி வரச் சொன்னார், சர்க்கரை இருப்பதால் நான் முறைத்தேன், கேட்கவில்லை. இரண்டு தின்றார், மீதியைப் பேரனுக்கு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினார், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு, அடி வாங்கிக்கினு வூட்டுக்குப் போனானா, வேலைக்குப் போனானா?"

வேலைக்குத்தான்மா போனான், கோயில் முற்றம் பெருக்க, என்றேன்.

"ம்" என்றார்.